வீலென்று அலறும் குழந்தையும் சத்தம் தாங்காத காதும்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை அழுதால் என்ன செய்வது என்று சொல்ல வீட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்த அழுகையைக் கேட்டதும் பல் கூசி, நெஞ்சு படபடத்து, எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றுகிற அம்மாவும் அப்பாவும் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. மிக்ஸி ஓடினால் அடுத்த அறைக்குப் போகிறவர், குக்கர் விசிலுக்கு முன்பே காதைப் பொத்துகிறவர், கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் உட்காராதவர் நீங்கள் என்றால் இது உங்களுக்கு. நானும் அந்த ஜாதிதான். தண்டையார்பேட்டையில், இரண்டே அறை உள்ள வீட்டில், பிள்ளை பெற்றுக்கொண்டு வந்து தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

“பெத்த புள்ள அழுறது உனக்குத் தொந்தரவா?” என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். கைக்குழந்தை வீறிட்டால், தூக்கி வைத்திருப்பவரின் காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தாங்கவில்லை என்பது பாசக் குறைவு இல்லை.

கால அளவையும் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அழுகை ஏற ஆரம்பிக்கும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சம். மூன்று, நான்கு மாதத்துக்குள் நன்றாக இறங்கிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் இந்தக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து போடாமல், டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து போடுங்கள். இல்லாவிட்டால் ‘இன்னும் குறையலையே’ என்று வீணாகப் பயப்படுவீர்கள்.

1. முதலில் உங்கள் காதை மூடுங்கள்

எல்லோரும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் உங்கள் காதில் ஆரம்பியுங்கள். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தெரியும். பாதிச் சத்தத்தில் கை நடுங்காது, யோசிக்க முடியும், குழந்தையை இன்னும் நேரம் தூக்கி வைத்திருக்க முடியும்.

பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம்தான். பச்சை உடம்புக்குக் காற்று ஏறக்கூடாது என்பார்கள். ஆனால் அந்தப் பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. வேண்டியது ஃபோம் இயர் பிளக். அதைப் போட்டுக்கொண்டு மேலே கொஞ்சம் பஞ்சு தெரியும்படி வைத்தால் அத்தையும் கேள்வி கேட்க மாட்டார், காதுக்கும் நிம்மதி. (சிரிக்காதீர்கள், இது வேலை செய்கிறது.)

எங்கே கிடைக்கும்: பாரிமுனையில் சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை விற்கிற கடைகளில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும். மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் அவரிடமே இருக்கலாம், காசு மிச்சம். கடையில் ஃபோம் பிளக் ஒரு ஜோடி சுமார் 10 முதல் 30 ரூபாய். கயிறு கோத்ததை வாங்குங்கள். கயிறில்லாத பிளக் கீழே விழுந்து குழந்தையின் வாய்க்குப் போனால் மூச்சுக்குழாயை அடைக்கும். காதையே முழுசாக மூடுகிற இயர் மஃப் சுமார் 400 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேலும் போகும்.

போடும் விதம்தான் முக்கியம். கையைக் கழுவி, பிளக்கை விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிசாக்குங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடியுங்கள். உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பாக்கெட்டில் ‘என்.ஆர்.ஆர். 30’ என்று போட்டிருக்கும், அதாவது 30 டெசிபல் வரை குறைக்கும் என்று கம்பெனி சொல்கிறது. வீட்டில் நாமே போடும்போது அதில் பாதி குறைந்தாலே நல்லது.

இதில் விழக்கூடிய பள்ளங்கள் மூன்று. ஒன்று, ‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்ஃபோன். ஆயிரக்கணக்கில் செலவாகும். ஃபேன், பஸ், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடுகிற கனமான சத்தத்தைத்தான் அந்தத் தொழில்நுட்பம் நன்றாகக் குறைக்கும். குழந்தையின் கீச்சுக் குரலுக்கு 20 ரூபாய் ஃபோமே மேல். இரண்டாவது, நாள் முழுக்கப் பிளக்கோடு இருப்பது. அமைதியான நேரத்திலும் மூடியே வைத்தால் காது இன்னும் கூர்மையாகி, சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரியத் தொடங்கும். அழும்போது போடுங்கள், அடங்கியதும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, வீட்டில் நீங்கள் மட்டும் இருக்கும்போது பிளக்கோடு தூங்குவது. கூடவே கூடாது.

2. மற்ற சத்தங்களைக் கழியுங்கள்

அழுகை மட்டும் தனியாக வருவதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் இரவு பத்து வரைதான் பெரும்பாலான குழந்தைகள் அதிகம் அழும் நேரம். நம் வீட்டில் டிவி சீரியல், மிக்ஸி, குக்கர் எல்லாம் சேர்ந்து ஓடுவதும் அதே நேரம். வெளியே கன்டெய்னர் லாரியின் ஏர் ஹாரன். தெருவில் ஒரு சாவு விழுந்தால் மேளமும் வெடியும். ஆடி மாதம் என்றால் கூழ் ஊற்றுகிற கோயில் ஸ்பீக்கர். காது ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது குழந்தையின் முதல் கத்தலிலேயே பொறுமை போய்விடும்.

சட்னி, மசாலா அரைப்பதை மதியத்திலேயே முடியுங்கள். மாலையில் குக்கருக்குப் பதில் மூடி போட்ட பாத்திரம். டிவியை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், ஒலியைக் குறைக்கச் சொன்னால் வராது. எவர்சில்வர் பாத்திரம் கழுவுவதைக் குழந்தை தூங்குகிற அறைக்குத் தள்ளி வையுங்கள்.

டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர், ஒரு கட்டில் மட்டும் இருக்கிற அறையில் சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும். ஜமக்காளம் விரியுங்கள். குழந்தையைத் தூக்கி நடக்கிற மூலையில் இரண்டு சுவரிலும் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். பழைய பஞ்சு மெத்தை இருந்தால் சுவரில் சாய்த்து, சரிந்து விழாதபடி கட்டி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை, அறை மாறிவிட்டது போல இருக்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பண்டிகைக்குச் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை அனுமதி தரலாம். தாண்டினால் 100 அல்லது 112-க்கு அழைக்கலாம். ஆனால் தெருக்காரர்களோடு வாழ வேண்டியவர்கள் நாம். முதலில் விழாக் கமிட்டியில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் “கைக்குழந்தை இருக்குண்ணா, அந்தக் குழாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்க” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெருவில் திருப்பினார்கள்.

3. காரணம் தேட ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்

சத்தத்தில் மூளை ஓடாது. அதனால் வரிசையைத் தாளில் எழுதி பீரோவில் ஒட்டுங்கள். பால், ஈரம், ஏப்பம், உஷ்ணம், இறுக்கம், தூக்கம். இதே வரிசையில் பாருங்கள்.

இறுக்கம்தான் பலர் மறப்பது. அரைஞாண் கயிறு வயிற்றில் பதிகிறதா? கறுப்பு வளையல், காப்பு, கொலுசு பிடிக்கிறதா? கால் விரல், கை விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் நமக்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை குழந்தையின் விரலில் சுற்றி இறுகி, விரல் சிவந்து வீங்கிவிடும். எடுக்க வரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஆண் குழந்தைக்கு விதைப்பையையும் தொடை இடுக்கையும் பாருங்கள், வீக்கம் இருந்தால் அதுவும் உடனே.

உஷ்ணம்: மே மாதத்தில் தொப்பி, கையுறை, காலுறை, மேலே துண்டு என்று சுற்றி வைத்தால் யார்தான் அழ மாட்டார்கள்? வேர்க்குரு இருக்கிறதா என்று கழுத்து மடிப்பில் பாருங்கள். ஒரு பருத்திச் சட்டை போதும்.

கொடுக்கக் கூடாதவை: வசம்பு, உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தேன் ஒரு வயது வரை நாக்கில் கூடத் தடவக் கூடாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது. சாம்பிராணிப் புகை மூச்சுக்கு ஆகாது. “நாங்கள்லாம் குடுத்துத்தான் வளத்தோம்” என்று ஆயா சொல்வார். அவரிடம் வாதாட வேண்டாம். “டாக்டர் திட்டுவாரு ஆயா” என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள்.

4. காதிலிருந்து தள்ளித் தூக்குங்கள்

தோளில் போட்டால் குழந்தையின் வாய் நேராக உங்கள் காதுக்கு வந்துவிடும். தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் முன்கை மேல் குப்புறப் படுக்க வைத்து, தலை முழங்கை மடிப்பில், உங்கள் உள்ளங்கை அதன் தொடைகளுக்கு நடுவில் வருமாறு பிடித்து நடங்கள். முகம் வெளிப்பக்கம் இருக்கட்டும், மூக்கு அமுங்கக் கூடாது. வயிற்றில் லேசான அழுத்தம் படுவதால் பல குழந்தைகள் இதிலேயே அடங்கிவிடும். இப்படியே தூங்கிவிட்டால் கீழே விடும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

மழைச் சத்தம், ஃபேன் சத்தம் போனில் வைக்கலாம். போன் குழந்தையிடமிருந்து ஏழடியாவது தள்ளி இருக்கட்டும், ஒலி குறைவாக இருக்கட்டும். அழுகையை மிஞ்ச வேண்டும் என்று கூட்டினால் குழந்தையின் காதுக்கும் கேடு, உங்களுக்கும் இரட்டைத் தொல்லை.

தூளி கட்டுவது நம் ஊரில் தவிர்க்க முடியாது. கொக்கியையும் கயிற்றையும் தினமும் இழுத்துப் பாருங்கள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள், தூங்கியதும் தரையில் விரித்த பாய்க்கு மாற்றுங்கள். கைக்குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு.

5. முடியவில்லை என்றால் கீழே விடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். தாடை இறுகி, கை தன்னால் வேகமாக ஆட்ட ஆரம்பித்தால், அந்த நொடியே குழந்தையைத் தரையில், பாயில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். சுற்றித் தலையணை, துணி எதுவும் வேண்டாம். வெளியே வாருங்கள். தாழ்வாரம், மொட்டை மாடிப் படி, எதுவானாலும் சரி. முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பால் குடித்து, உடம்பு நன்றாக இருக்கிற குழந்தைக்குப் பத்து நிமிடம் அழுவதால் எதுவும் ஆகாது. ஆனால் கோபத்தில் ஒருமுறை பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம், கண் போகலாம், உயிரே போகலாம்.

வீட்டில் தவழுகிற இன்னொரு குழந்தையோ, நாயோ பூனையோ இருந்தால் தரை ஆகாது. கம்பி போட்ட தொட்டில்தான் சரி.

6. முறை போட்டுக்கொள்ளுங்கள்

“நீ கொஞ்சம் பாரு, நான் கொஞ்சம் பாக்கிறேன்” என்பது முறை ஆகாது. மணி சொல்லிப் பிரியுங்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை யார், எட்டிலிருந்து பத்து வரை யார் என்று எழுதி வையுங்கள். சத்தம் அதிகம் பாதிக்கிறவர் இரவுப் பாலையும் காலை வேலையையும் கூடுதலாக எடுத்துக்கொண்டு, மாலைக் கத்தலில் ஒரு பகுதியை மற்றவருக்குக் கொடுப்பது நியாயமான பேரம். துறைமுகத்தில், கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிற கணவர் என்றால் வாராவாரம் இந்தத் தாளைத் திருத்த வேண்டியிருக்கும்.

குளிப்பாட்டும் நேரம் அழுகையின் இன்னொரு உச்சம். ஆயா வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற வீடு என்றால், மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் நிற்கட்டும், நீங்கள் மாடிக்குப் போங்கள். போவதற்கு முன் சொல்லிவிட வேண்டியது: மூக்கில் ஊதக் கூடாது, மார்பைப் பிதுக்கக் கூடாது, தண்ணீரைக் கையை விட்டுப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

7. டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது

மருத்துவமனையில் குழந்தை சமர்த்தாகத் தூங்கும். டாக்டர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் வீட்டில் அழும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது, கடைசியாகப் பால் எப்போது, எத்தனை முறை சிறுநீர், மலத்தின் நிறம் என்று நாலு நாள் குறித்த தாளும் வேண்டும். இந்த இரண்டும் எந்த ஸ்கேனையும்விட டாக்டருக்கு உதவும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, பிறந்த எடையும் அதற்குப் பின் பார்த்த எடைகளும், அம்மாவின் ஆதார் நகல். முதல்வர் காப்பீட்டு அட்டை வெளிநோயாளியாகப் பார்க்கத் தேவைப்படாது. அட்மிஷன் வந்தால் கேட்பார்கள் என்பதால் ஒரு நகல் போட்டு வையுங்கள்.

எடைதான் முதல் கேள்வி. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிற, நாளுக்கு ஆறு முறையாவது ஈரம் பண்ணுகிற குழந்தை எவ்வளவு கத்தினாலும் பெரும்பாலும் ஆரோக்கியமாகத்தான் இருக்கும்.

செலவும் நேரமும்: பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், எடையும் அங்கேயே பார்க்கலாம். ஸ்டான்லியிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் ஓ.பி. காலையில்தான். சீட்டுக்குக் காசில்லை, வரிசைக்குத்தான் பொறுமை வேண்டும், சீக்கிரம் போய்விடுங்கள். அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கமிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் போவதானால் சென்ட்ரலில் மாற வேண்டும். தனியார் குழந்தை மருத்துவர்கள் நம் பக்கத்தில் நான் பார்த்த வரை 300 முதல் 600 ரூபாய் வாங்குகிறார்கள். மாலை ஏழு மணி டோக்கன் வாங்காதீர்கள். அதுதான் அழுகை உச்சத்தில் இருக்கிற நேரம், காத்திருக்கும் அறையோ ஐம்பது பேர் கூச்சல்.

அரசுத் தடுப்பூசி புதன்கிழமைகளில். 6, 10, 14ஆவது வார ஊசிக்குப் பின் அன்று மாலையும் இரவும் வழக்கத்தைவிட அழும். அந்தப் புதன் மாலைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து என்று ஊசி போட்ட இடத்திலேயே எழுதி வாங்குங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250. பெயர் ஒன்று, வீரியம் வேறு. பாட்டிலைக் காட்டிக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

8. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். பச்சை நிற வாந்தி. மலத்தில் ரத்தம். பால் குடிக்க மறுப்பது. துவண்டு கிடப்பது. உச்சிக்குழி புடைப்பது. மூச்சு வாங்குவது. விட்டு விட்டுக் காலை வயிற்றோடு மடக்கி அலறி, நடுவில் வெளுத்துப் போவது. எப்போதும் இல்லாத மாதிரி முனகலான அல்லது கீச்சென்ற அழுகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோ, தாள், டோக்கன் எதுவும் வேண்டாம், 108.

9. உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள்

பிளக் போட்டும் காதில் வலி, இரைச்சல், சாதாரணப் பேச்சுக்கூடக் குத்துவது என்று இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டான்லியில் உண்டு. ஆடியோகிராம் எடுக்கும்போது, எவ்வளவு சத்தத்தில் உங்களுக்குத் தாங்காமல் போகிறது என்பதையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் கேட்கும் திறனை மட்டும் அளந்து ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். தனியார் மையத்தில் சுமார் 500 முதல் 1,000 ரூபாய் வரை ஆகும். ஒற்றைத் தலைவலி இருந்தால், தூக்கமே இல்லாமல் இருந்தால், அதையும் சொல்லுங்கள். இரண்டுமே சத்தத்தைப் பெரிதாக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வந்தால் போனோடு நிற்காதீர்கள். குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, கூட ஒரு ஆளோடு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், மருந்தை அதற்கேற்ப எழுதுவார். அப்பாக்களுக்கும் இதெல்லாம் வரும், அதே எண்தான். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டையும் ஆடியோகிராம் தாளையும் குழந்தையின் கோப்பிலேயே வைத்து எடுத்துப் போங்கள், தனியாக வைத்தால் வீட்டிலேயே தங்கிவிடும்.